ஆறு வயதுக்கு முன்னே: மாற்றுத்திறன் குழந்தைகளும் அரசின் நிதியும்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று கேட்டார்கள் நம் முன்னோர்கள். பிள்ளை வளர்ப்பில் கண்ட அனுபவத்தை அவர்கள் ஒரு கேள்வியில் அடக்கி வைத்தார்கள். குழந்தையின் மூளை முதல் சில ஆண்டுகளில் வளரும் வேகத்தில் பிறகு எப்போதும் வளர்வதில்லை என்று இன்றைய மருத்துவ அறிவியலும் கூறுகின்றது. பழமொழி ஐந்து வயதைச் சொல்கிறது. ஆனால் நம் நாட்டுச் சட்டமோ, மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் கல்வி உரிமையை ஆறாவது வயதில்தான் தொடங்கி வைக்கின்றது!

பிறந்த நாள் முதல் ஆறு வயது வரையிலான காலத்தில் அக்குழந்தைக்கு யார் பொறுப்பு? அதன் பயிற்சிக்கு யார் பணம் தருகிறார்கள்? அந்தப் பணம் எவ்வழியாக வருகின்றது, எங்கே நின்றுவிடுகின்றது? இவை சமூகவியலும் பொருளியலும் அரசியலும் பயிலும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்திகள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு வயதுக்கு உட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகள் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இவர்களுக்கான தொடக்கக்காலப் பயிற்சிக்கு அரசு நிதி எவ்வாறு சென்று சேர்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலம் காத்திருக்குமா?

தொடக்கத்திலேயே கவனித்தால் என்ன பயன் என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

பிறவியிலேயே தைராய்டு சுரப்பி சரிவர இயங்காத குழந்தைகள் உண்டு. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்தால் குறை தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே அமையும். மாதக் கணக்கில் தாமதித்தால் இழந்த அறிவுத்திறனை மீட்க முடியாது. மாத்திரையின் விலையோ மிகக் குறைவு.

குறைமாதத்திலும் எடை குறைவாகவும் பிறக்கும் குழந்தைகளுக்கு விழித்திரையில் பாதிப்பு வரலாம். இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தையின் கண்ணை முப்பது நாட்களுக்குள் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவர்கள் பின்பற்றும் நெறி. உரிய வேளையில் லேசர் சிகிச்சை அளித்தால் பார்வையைக் காக்கலாம். தவறினால் அக்குழந்தை வாழ்நாள் முழுதும் பார்வையின்றி இருக்க நேரிடும்.

காது கேளாமையும் அப்படித்தான். பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காதொலிக் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கால அளவு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செவித்திறன் குறைந்த 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்டவர்களின் மொழித்திறன், பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மேம்பட்டு இருந்ததைக் காட்டியது.

வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைக்கு வாரம் ஒருமுறை மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டுப் பாதத்தை நேராக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா நகரில் பணியாற்றிய மருத்துவர் பொன்செட்டி வகுத்த முறை அது. ஐந்தாறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். ஆனால் அதன்பின் நான்கு வயது வரை இரவில் தனிக் காலணி அணிவித்து வர வேண்டும். அதைக் கைவிட்டால் பாதம் மீண்டும் வளையத் தொடங்கும்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றுக்கு இத்தகைய ஒரே மருந்தோ ஒரே சிகிச்சையோ இல்லை. இவற்றுக்கு வேண்டுவது பயிற்சி. கழுத்து நிற்கவும், உட்காரவும், உணவை மென்று விழுங்கவும், முகம் பார்த்துச் சிரிக்கவும், கை நீட்டிக் கேட்கவும் பழக்குகின்ற பயிற்சி. வாரத்துக்குச் சில முறை பயிற்சியாளரிடமும், நாள்தோறும் தாயின் மடியிலும், ஆண்டுக்கணக்கில் நடைபெற வேண்டிய பயிற்சி அது.

இருவகைச் செலவு

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளைப் பொருளியல் மாணவர் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இக்குழந்தைகளுக்கான செலவு இருவகைப்படும். ஒன்று, ஒருமுறைச் செலவு: சோதனை, அறுவை சிகிச்சை, கருவி, முகாம். மற்றொன்று, தொடர் செலவு: பயிற்சியாளரின் மாத ஊதியம், வாரந்தோறும் நடக்கும் பயிற்சி, மையத்துக்குச் சென்று வரும் போக்குவரத்து, கருவியைப் பழுது பார்த்தல்.

ஒருமுறைச் செலவு கண்ணுக்குத் தெரியும். இத்தனை குழந்தைகளைச் சோதித்தோம், இத்தனை கருவிகளை வழங்கினோம் என்று கணக்குக் காட்டலாம். விழா எடுக்கலாம். தொடர் செலவுக்கு விழா இல்லை. இரண்டு வயதுக் குழந்தை ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் துணையின்றி உட்காரத் தொடங்கியது என்பது அக்குடும்பத்துக்குத் திருவிழா. அரசின் ஆண்டறிக்கையில் அதற்கென ஒரு கட்டம் இல்லை.

இவ்விருவகைச் செலவும் சந்திக்கும் இடம் காக்ளியர் கருவியாகும். பிறவியிலேயே முற்றிலும் காது கேளாத குழந்தைக்கு, உட்செவியில் அறுவை சிகிச்சை மூலம் பொருத்தப்படும் கருவி இது. மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைக் கருவிகள் வழங்க மைய அரசு 1981 முதல் நடத்தி வரும் திட்டத்தில், 2014-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாகக் காக்ளியர் கருவியும் சேர்க்கப்பட்டது. ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் என்று அப்போது வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைக் குழந்தைகள் பலர் இக்கருவியைப் பெற்றிருக்கின்றனர். பாராட்டத்தக்க பணி இது.

ஆனால் கருவி பொருத்திய அன்றே குழந்தை பேசிவிடுவதில்லை. கருவி தருவது ஒலியை. அந்த ஒலியை 'அம்மா' என்னும் சொல்லாக மூளை அறிந்துகொள்ள, கேட்டுப் பேசும் பயிற்சி ஓராண்டுக்கு மேலும் தேவைப்படும். வெளியே அணியும் பகுதியின் கம்பி தேயும், மின்கலம் தீரும். கருவி பழுதுபட்டுக் கிடக்கும் நாட்களில் குழந்தை மீண்டும் மௌனத்துக்குள் போய்விடும். ஆறு லட்சத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் பயனுறச் செய்யும் சில ஆயிரங்களுக்கு வழி காணாவிட்டால், ஆறு லட்சமும் வீணாகும். கிணறு வெட்டியவர் கயிறு வாங்கித் தராத கதையாக அது முடியும்.

சட்டம் எங்கே தொடங்குகிறது?

அரசு நிதி எதற்கு உறுதியாக வரும், எதற்கு வந்தால் வரும் என்பதைச் சட்டத்தின் சொற்களே பெரிதும் முடிவு செய்கின்றன.

1995-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் பதினெட்டு வயது நிறையும் வரை கட்டணமில்லாக் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. எந்த வயதிலிருந்து என்று அது கீழ் எல்லை வகுக்கவில்லை. பின்னர் 2009-இல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரை என்று எல்லை கட்டியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21-ஆக விரித்தது. அது பெரும் முன்னேற்றம். ஆனால் கட்டணமில்லாக் கல்வி பற்றிய அதன் 31-ஆவது பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புடைய, ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு என்று அமைந்துவிட்டது.

ஆறு வயதுக்கு முன்னே என்ன? 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசமைப்புத் திருத்தம், ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் மழலைப் பருவப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45-ஆவது பிரிவைத் திருத்தியது. இது வழிகாட்டும் நெறியே தவிர, நீதிமன்றத்தில் கேட்டுப் பெறக்கூடிய உரிமையன்று.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்துப் படித்தால் மற்றொரு செய்தி கிடைக்கின்றது. 25-ஆவது பிரிவு, பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய குழந்தைகளை அறியும் பொருட்டு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க வேண்டும் என்று ஆணையிடுகின்றது. மறுவாழ்வுப் பணிகள் பற்றிய 27-ஆவது பிரிவோ, அரசு தன் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு அவற்றை மேற்கொள்ள வேண்டும் என்கின்றது. கண்டறிவது கட்டாயக் கடமை. கண்டறிந்தபின் பயிற்றுவிப்பது கையில் பணம் இருந்தால் செய்யும் கடமை. நம் நிதி ஒதுக்கீட்டின் போக்குக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டிருக்கின்றது எனலாம்.

நான்கு வாய்க்கால்கள்

இனிப் பணம் வரும் வழிகளைக் காண்போம். ஒரே வயலுக்கு நான்கு வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருப்பதைப் போல, நான்கு துறைகள் வழியே இந்நிதி வருகின்றது.

முதலாவது, சுகாதாரத் துறை. 2013-ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையிலான குழந்தைகளைச் சோதிக்கின்றது. பிறவிக் குறைகள், சத்துக் குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என்னும் நான்கு வகைகளில் முப்பது நிலைகளை இது நாடுகின்றது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கண்டறியப்பட்ட குழந்தையை மாவட்டத் தலைமையிடத்திலுள்ள இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் எனப் பலரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று இம்மையத்துக்கு விதி வகுக்கப்பட்டுள்ளது. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நிதியிலிருந்து இதற்குப் பணம் வருகின்றது. 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்களில் மைய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. தமிழ்நாட்டில் இத்துறை, ஆறு வயதுக்கு உட்பட்ட செவித்திறன் குறைந்த குழந்தைகள், அறிவுத்திறன் குறைந்த குழந்தைகள் முதலியோருக்கு ஆரம்ப நிலைப் பயிற்சி மையங்களைத் தொண்டு நிறுவனங்கள் வாயிலாக நடத்தி வருகின்றது. மைய அரசும் தொண்டு நிறுவனங்களுக்கு, ஏற்கப்பட்ட செலவில் 90 விழுக்காடு வரை மானியம் தரும் திட்டம் ஒன்றை வகுத்தது. 2021 ஜூன் மாதத்தில் நாடெங்கும் 14 பல்துறை இடையீட்டு மையங்களையும் அது திறந்தது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனத்தில் அமைந்தது அவற்றுள் ஒன்று.

மூன்றாவது, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் உள்ளன. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் எவ்வாறு சேர்த்துக்கொள்வது என்பதற்கான நெறிமுறையை 2023 நவம்பரில் மைய அரசு வெளியிட்டது.

நான்காவது, பள்ளிக் கல்வித் துறை. 2018-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று கணக்கிட்டு நிதி வகுக்கப்பட்டது. மழலையர் வகுப்புக்கும் இத்திட்டத்தில் இடம் உண்டு. எனினும் பள்ளியை மையமாகக் கொண்ட திட்டமாதலால், ஒரு வயதுக் குழந்தைக்கு இதன் நீர் எளிதில் எட்டுவதில்லை.

நான்கு வாய்க்கால்கள் இருந்தும் வயலின் கடைமடை காய்வதேன்? ஒவ்வொரு வாய்க்காலுக்கும் தனி மடை, தனிப் பதிவேடு, தனி அலுவலர். சுகாதாரத் துறை கண்டறிந்த குழந்தையின் பெயர் நலத் துறையின் ஏட்டில் தானாக ஏறுவதில்லை. அங்கன்வாடிப் பணியாளர் கவனித்த தாமதம் மருத்துவமனையின் சீட்டில் இடம் பெறுவதில்லை. இத்துறைகளுக்கு இடையே தாளைச் சுமந்து நடப்பவர் அக்குழந்தையின் தாய்.

சான்றிதழும் ஒரு தடையே. உதவிகள் பலவற்றுக்கும் பாதிப்பின் விழுக்காட்டைக் குறிக்கும் சான்றிதழ் வேண்டும். கைக்குழந்தைக்கு எத்தனை விழுக்காடு என்று எப்படி அளப்பது? 2018-ஆம் ஆண்டின் மதிப்பீட்டு வழிமுறைகள், அறிவுத்திறன் தொடர்பான சான்றுக்கு ஒரு வயதாவது நிறைந்திருக்க வேண்டும் என்றன. ஐந்து வயது வரை 'வளர்ச்சித் தாமதம்' என்றே குறிக்கச் சொல்லின. மருத்துவ நோக்கில் இது சரியான எச்சரிக்கை. நிதியின் நோக்கில் பார்த்தால், பயிற்சி மிகுதியாகப் பயன் தரும் வயதில் சான்று கிடைப்பது அரிதாகின்றது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

சேவை இலவசம் என்பதாலேயே செலவில்லை என்று கருதிவிடக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மாவட்டத் தலைநகருக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில், நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் கூலி பெறும் தாய் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். மூளை முடக்குவாதம் உள்ள தம் குழந்தையை வாரம் இருமுறை பயிற்சிக்குத் தூக்கிச் செல்கிறார். மாதத்தில் எட்டு நாள் வேலை போகும். கூலி இழப்பு மட்டும் 3,200 ரூபாய். தமிழ்நாட்டில் 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரும் உதவி. ஆயினும் அது சாதாரண நகரப் பேருந்துக்கே உரியது. வெளியூர்ப் பேருந்துக்குப் பொருந்தாது. பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோ வேண்டும். குழந்தைக்குப் பாலும் ரொட்டியும் வேண்டும்.

கடும் பாதிப்புடையோர், அறிவுத்திறன் குறைந்தோர் முதலியோருக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 சனவரி முதல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சான்றிதழ் கிடைத்து, அந்த 2,000 ரூபாயும் கைக்கு வந்தாலும், மேற்சொன்ன தாய்க்குக் கூலி இழப்பிலேயே 1,200 ரூபாய் குறைகின்றது. மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ அவர் மையத்துக்கு வருவதை நிறுத்திவிடக்கூடும். 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று பதிவேட்டில் எழுதுவது எளிது. அங்கே குறைவது அக்கறையன்று. ஆயிரத்து இருநூறு ரூபாய்.

பிறநாட்டுப் பாடம்

இச்சிக்கலைப் பிற நாடுகள் எவ்வாறு கையாண்டன என்பதை அறிவதும் பயன் தரும். அமெரிக்கா 1975-இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான கல்விச் சட்டத்தை இயற்றியது. அதுவும் முதலில் பள்ளி வயதையே பெரிதும் கருதியது. பதினோர் ஆண்டுகள் கழித்து, 1986 அக்டோபரில், பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான தனிப் பகுதி ஒன்று சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

அதன் சிறப்புகள் மூன்று. முதலாவதாக, குழந்தை ஒன்று அனுப்பப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பிட்டு, அக்குடும்பத்துக்கென எழுத்து வடிவில் ஒரு திட்டம் வகுக்கக் கூட வேண்டும். இரண்டாவதாக, எல்லாத் துறைகளையும் இணைத்துக் குடும்பத்துக்கு வழிகாட்ட ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும். மூன்றாவதாக, மதிப்பீட்டுக்கும் இவ்வழிகாட்டுதலுக்கும் கட்டணம் வாங்கக் கூடாது. பிற சேவைகளுக்குக் கட்டணம் உண்டென்றாலும், செலுத்த இயலாத குடும்பத்துக்குச் சேவையை மறுக்கக் கூடாது.

அங்கும் எல்லாம் செம்மை என்று எண்ணிவிட வேண்டாம். 2024-ஆம் நிதியாண்டில் இதற்கு நடுவண் அரசு ஒதுக்கியது ஏறத்தாழ 54 கோடி டாலர். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தாங்கும் அமைப்புக்கு இது போதாது. எனவே பெரும் பங்கை மாநில நிதியும், ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமும், தனியார் காப்பீடும் ஏற்கின்றன. வேறு எவரும் கொடுக்காதபோதுதான் இந்த நடுவண் நிதியைத் தொட வேண்டும் என்பது விதி. மேலும், எவ்வளவு தாமதம் இருந்தால் குழந்தையை ஏற்பது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வகுத்துக்கொள்ளலாம். சில மாநிலங்கள் வளர்ச்சியில் 25 விழுக்காடு தாமதம் இருந்தாலே ஏற்கின்றன. சில மாநிலங்களில் 50 விழுக்காடு வேண்டும். பணம் சுருங்கும்போது தகுதியையும் சுருக்கிவிட இதனால் இடம் உண்டாகின்றது. உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, அதற்குரிய நிதியையும் எழுத வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

வீடு தேடி வரும் பயிற்சி

நம் மண்ணிலேயே நல்ல வழிகாட்டிகள் உண்டு. செவித்திறன் குறைந்த மழலையருக்குப் பேச்சு கற்பிக்கும் பால வித்யாலயா சென்னையில் 1969-இலேயே தொடங்கப்பட்டது. தாயே முதல் ஆசிரியை என்னும் கொள்கையை அது கடைப்பிடித்தது. இன்றைய தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில், உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-இல், தாமே கழுத்துக்குக் கீழ் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் நிறுவிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களைக் குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்புகின்றது. மையத்திலுள்ள வல்லுநர்கள் கைபேசிச் செயலி வழியாக அவர்களுக்கு வழிகாட்டுகின்றனர். நாற்பது கிலோமீட்டர் நடக்க வேண்டியவர் தாயல்லர், அரசின் சேவையே என்னும் கருத்தை இம்முறை மெய்ப்பிக்கின்றது.

தமிழ்நாடு அரசுக்கும் இத்தகைய அனுபவம் புதிதன்று. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை ஊர்ப் பணியாளர் மாதந்தோறும் எடை பார்த்தார். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு அளித்து, ஏறும் வரை கண்காணித்தார். கண்டறிதலும் தொடர்ந்து கவனித்தலும் ஒரே கையில் இருந்ததே அத்திட்டத்தின் வலிமை.

எடைக்குத் தராசு இருந்ததுபோல் வளர்ச்சிக்கும் அளவுகோல் உண்டு. திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட வளர்ச்சி அளவுத் தாள் ஒன்றில் பதினேழு செயல்கள் மட்டுமே உள்ளன. குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், அதற்குள் செய்திருக்க வேண்டிய செயல்கள் எவை என்று தெரிந்துவிடும். அங்கன்வாடிப் பணியாளர் எவரும் எளிதில் கற்கலாம்.

இவ்வகையில், 2022-ஆம் ஆண்டில் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் வழங்க இசைந்த தமிழ்நாட்டு 'உரிமைகள்' திட்டம் நம்பிக்கை தருகின்றது. பல துறைச் சேவைகளையும் ஒரே இடத்தில் தரும் 'விழுதுகள்' மையங்களும், வீடு தேடிச் செல்லும் களப்பணியாளர்களும் இதன் கூறுகள். ஆனால் கடனுக்குக் காலவரை உண்டு. குழந்தைகள் பிறப்பதற்குக் காலவரை இல்லை. கடன் முடியும் நாளில் அப்பணியாளர்களின் ஊதியம் மாநில நிதிநிலை அறிக்கையில் நிலையான ஓர் இனமாக இடம் பெற்றால்தான் விழுதுகள் மண்ணில் ஊன்றும்.

செய்யத்தக்கவை

முடிவாகச் சில கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலில், கட்டணமில்லாப் பயிற்சி பெறும் உரிமை ஆறு வயதிலன்றிப் பிறப்பிலேயே தொடங்குமாறு சட்டம் திருந்த வேண்டும். அதற்கு விழுக்காட்டுச் சான்று கேட்காமல், வளர்ச்சித் தாமதம் என்னும் மருத்துவர் குறிப்பே போதுமானதாக வேண்டும்.

இரண்டாவதாக, கண்டறிந்த நாளுக்கும் பயிற்சி தொடங்கும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் என்று வரம்பு வேண்டும். எத்தனை குழந்தைகளைச் சோதித்தோம் என்பதோடு, எத்தனை குழந்தைகள் ஓராண்டு தொடர்ந்து பயிற்சி பெற்றார்கள் என்பதையும் அரசு வெளியிட வேண்டும். எதை எண்ணுகிறோமோ அதற்கே பணம் போகும்.

மூன்றாவதாக, நான்கு துறைகளின் நிதியிலும் தொடக்கக்காலப் பயிற்சிக்கெனத் தனித் தலைப்பு வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரே பதிவேடு, வழிகாட்ட ஒரே பொறுப்பாளர் என்னும் ஏற்பாடு வேண்டும்.

நான்காவதாக, பயிற்சிக்கு வரும் தாயின் பயணச் செலவையும் கூலி இழப்பையும் பயிற்சியின் செலவாகவே கருத வேண்டும். அல்லது பயிற்சியே அவர் வாசலுக்குச் செல்ல வேண்டும்.

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை. மாணவர்களாகிய நம் பங்கும் ஒன்று உண்டு. நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். நம் தெருவில் ஆறு மாதமாகியும் கழுத்து நிற்காத குழந்தையையோ, கூப்பிட்டால் திரும்பிப் பாராத குழந்தையையோ காணும்போது, 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று ஊரார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாளாவிருக்கலாகாது. அங்கன்வாடியில் சொல்லுங்கள், மாவட்ட மருத்துவமனையில் இதற்கென மையம் உண்டு என்று அத்தாய்க்கு எடுத்துச் சொல்லுவோம். வேண்டுமானால் ஒரு நாள் உடன் செல்லுவோம். படித்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அலுவலகத்தின் கதவு சற்று விரைவாகத் திறக்கும்.

ஒருமுறை கொடுப்பது ஈகை. தொடர்ந்து கொடுப்பதே பொறுப்பு. நம் அரசுகள் ஈகையில் குறை வைக்கவில்லை. பொறுப்பையும் ஏற்குமாயின், ஆறு வயதில் பள்ளி வாசலுக்கு வரும் குழந்தைகளில் இன்னும் பலர் தாமே நடந்து வருவார்கள். தம் பெயரைத் தம் வாயால் சொல்வார்கள்.